முதலில் தண்ணீர், பிறகு மருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

அடிபட்டு ரத்தம் வந்தால் நம் கை முதலில் தேடுவது மருந்துப் புட்டியைத்தான். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது, நுரைத்தால் கிருமி சாகிறது என்று நம்பிவிடுகிறோம். அறுவை சிகிச்சைத் துறையில் இருக்கும் நான் இன்று உங்களிடம் வலியுறுத்த வந்திருப்பது ஒன்றுதான். அந்தக் கை முதலில் தண்ணீர்க் குழாயைத் தேட வேண்டும். கிருமிநாசினிக்கும் வேலை உண்டு. ஆனால் அதன் முறை இரண்டாவது.

வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் சிராய்த்தவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் சிவப்பும் கொஞ்சம் புழுதியும்தான் தெரியும். ஓடும் தண்ணீரில் காட்டினால் முதலில் பழுப்பாக வடியும். பிறகு இளஞ்சிவப்பாகும். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். அத்தோடு நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தக்கூடாது. கிழிந்து மடிந்த தோலைக் கையுறை போட்ட விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தால், அதன் அடியில் கடுகளவில் கருப்பாக ஒரு கல்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே கால்சட்டையின் நூல் ஒன்று. சீழ் பிடிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். மண்ணும் நூலும் செத்த சதையும் கிடக்கும் இடத்தில், மிகக் குறைந்த எண்ணிக்கையிலான கிருமிகூடத் தொற்றை உண்டாக்கிவிடும். அந்தக் கல்லின்மேல் எத்தனை மருந்து ஊற்றினாலும் கல் அங்கேயேதான் இருக்கும்.

மருத்துவ உலகமே இதைச் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1865-இல் கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், வண்டிச்சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து வெளித்தெரிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதுதான் வழக்கம். சிறுவனின் கால் பிழைத்தது. கிருமிநாசினி யுகம் அங்கே தொடங்கியது என்றே சொல்லலாம்.

அதற்கு அரை நூற்றாண்டு கழித்து முதல் உலகப் போர் வந்தது. குண்டு துளைத்த காயங்களுக்குள் வயல் மண்ணும் சீருடைத் துணியும் புகுந்திருந்தன. மருத்துவர்கள் கடுமையான கிருமிநாசினிகளை ஊற்றிப் பார்த்தார்கள். காயங்கள் அழுகின. பிரான்சின் பூலோன் நகரில் ராணுவ மருத்துவராக இருந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங், பின்னாளில் பெனிசிலினைக் கண்டறிந்தவர். அவர் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, பல இடங்களில் முட்கள்போல இழுத்து, உள்ளே இண்டு இடுக்குகள் உள்ள செயற்கைக் காயம் ஒன்றைச் செய்தார். கிருமி கலந்த சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, அதில் நிரப்பிக் கொட்டிவிட்டு, கிருமிநாசினியால் கழுவினார். பிறகு சுத்தமான சீரத்தை நிரப்பி வைத்தார். கிருமி மறுபடி வளர்ந்தது. இடுக்குகளுக்குள் மருந்து சரியாக எட்டவில்லை. அதோடு, கிருமியை எதிர்க்கும் நம் வெள்ளை அணுக்களை மருந்து முதலில் கொன்றுவிடுகிறது என்பதையும் அவர் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது.

அதே போரில் அறுவை மருத்துவர் அலெக்சி காரெலும் வேதியியலாளர் ஹென்றி டேக்கினும் வேறு வழி கண்டார்கள். சதையைச் சுட்டுவிடாத அளவுக்கு, சுமார் அரை சதவீத வலிமையில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் வகைக் கிருமிநாசினிக் கரைசலைத் தயாரித்தார்கள். செத்த சதையை வெட்டி நீக்கிவிட்டு, துளையிட்ட ரப்பர் குழாய்களைக் காயத்தின் மூலை முடுக்கெல்லாம் செருகி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கரைசலைப் பாய்ச்சினார்கள். கைகால்கள் பல தப்பின. அந்த வெற்றியில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, வெட்டிச் சுத்தம் செய்ததற்கும் திரும்பத் திரும்பப் பாய்ச்சியதற்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இன்று மருத்துவமனையில் சலைன்தான் முதல் தேர்வு. அதாவது 0.9 சதவீத உப்புநீர். பெரிய சிரிஞ்சில் எடுத்து, ஓரளவு பருத்த ஊசிக்குழல் வழியே பீச்சும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு அழுத்தம் கிடைக்கும். அழுக்கைக் கிளப்ப அது போதும். அழுத்தம் மிகவும் கூடினால் கிருமி சதைக்குள்ளேயே தள்ளப்படலாம். ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளக் காயத்துக்கும் 50 முதல் 100 மில்லி வரை என்பது எங்கள் பொதுக்கணக்கு. பஞ்சில் தொட்டுத் துடைப்பது இதற்கு ஈடாகாது. சோப்புக் கரைசல் இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யும் என்று பலர் நம்பியிருந்தார்கள். எலும்பு முறிந்து வெளியே திறந்த காயங்களில் 2,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மறு அறுவை தேவைப்பட்டவர்கள் சோப்புக் கரைசல் பிரிவில் 14.8 சதவீதம், வெறும் சலைன் பிரிவில் 11.6 சதவீதம்.

வீட்டில் சலைனுக்கு அலைய வேண்டாம். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரே போதும். சாதாரண காயங்களில் இரண்டுக்கும் தொற்று வித்தியாசம் தெரியவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. குழாய்த் தண்ணீரை நம்ப முடியாத இடமென்றால் கொதிக்கவைத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ரத்தம் பீறிட்டால் மட்டும் கழுவுவதை விட்டுவிட்டு, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள். ஆணி குத்திய குறுகிய துளைக்குள் தண்ணீரைப் பீச்ச வேண்டாம். வெளியே கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் கிருமி காற்றுப் படாத ஆழத்தைத்தான் விரும்பும்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். காயத்தில் போடும் பழுப்பு நிறக் கிருமிநாசினியான பொவிடோன் அயோடினை நான் மதிக்கிறேன். புட்டியில் 10 சதவீதம் என்று போட்டிருக்கும் திரவத்தைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தால் வலுவிழந்துவிடும் என்று நினைப்போம். உண்மையில் ஓரளவு நீர்த்த நிலையில்தான் அது கிருமியைக் கொல்லும் தனி அயோடினை அதிகமாக விடுவிக்கிறது. சதைக்கும் அதுவே இதம். அறுவை முடிந்து தையல் போடும் முன் சிலவகை வெட்டுக்காயங்களை இதன் நீர்க்கரைசலால் அலசலாம் என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஆன்டிபயாடிக் கலந்து அலசுவதை அதே வழிகாட்டுதல் வேண்டாம் என்றது. தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கைக்குழந்தைக்குப் போடுபவர்களும் அயோடினை மருத்துவரைக் கேட்டே பயன்படுத்தட்டும். குளோரெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினி கண்ணிலும் நடுக்காதிலும் படவே கூடாது. பார்வையையும் கேட்கும் திறனையும் அது பாதிக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்குவது கிருமி சாவதன் அடையாளம் அல்ல. நம் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள நொதி அதை உடைக்கும்போது வரும் ஆக்சிஜன் குமிழி அது. புதிதாக வளரும் செல்களையும் அது தாக்கும். ஆழமான மூடிய காயத்துக்குள் ஊற்றினால் வாயு ரத்தக்குழாயில் புகுந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. அதை வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன்.

நாய்க்கடி தனி விஷயம். அங்கே சோப்பு கட்டாயம் வேண்டும். ரேபிஸ் வைரஸைச் சுற்றியுள்ள கொழுப்புறையை சோப்பு சிதைத்துவிடும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் போதும் என்று தோன்றிவிடும். பிறகு பொவிடோன் அயோடின். அதன்பின் அன்றே தடுப்பூசி. கழுவிவிட்டோமே என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கழுவிக் கட்டிய காயத்தைத் தினமும் பாருங்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் வலி குறைவதற்குப் பதில் கூடினாலோ, சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ, காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலோ, வீட்டு வைத்தியம் போதும் என்று இருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தில் காயம் பட்டால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். வலி தெரியாமலே அங்கே தொற்று முற்றிவிடும்.

நன்றி, வணக்கம்.