இடம் இருந்தும் இடமில்லை என்ற சர்வர்

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு மாலைதோறும் உங்களைச் சந்திக்கும் நான் இன்று வியாழக்கிழமையே கேமராவின் முன் அமர்ந்திருக்கிறேன் என்றால், அதற்கு நேற்று அதிகாலை 2.15 மணிக்கு என்னை எழுப்பிவிட்ட அலாரமே காரணம். "செயல்திறன் அறிக்கைக் கோப்பை எழுத இயலவில்லை" என்ற ஒற்றை வரி, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கைபேசிக்கு வந்துகொண்டே இருந்தது. எங்கள் சர்வர் 300 கருவிகளின் அளவீடுகளைத் திரட்டி, கருவி ஒன்றுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு கோப்பு வீதம் எழுதுகிறது என்பது பழைய பார்வையாளர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்கு மொத்தம் 28,800 கோப்புகள்.

இந்த அலாரத்தின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. லினக்ஸில் ஒரு கோப்பை எழுத முடியாமல் போனால், அனுமதி இல்லையென்றால் 13, இடமில்லையென்றால் 28, வாசிக்க மட்டுமே என்ற நிலைக்குக் கோப்பு முறைமை போய்விட்டதென்றால் 30 என்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பிழை எண்ணைத் தெளிவாகவே கொடுத்துவிடுகிறது. அதை விழுங்கிவிட்டு "இயலவில்லை" என்று மட்டும் சொல்லும் மென்பொருளை எழுதியவர், நள்ளிரவில் ஒரு நாளும் எழுந்து பார்த்திருக்க மாட்டார்.

டிஸ்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையில் பார்த்தேன்; 100 ஜிபி பகிர்வில், அதாவது டிஸ்கில் பிரித்து வைத்த பகுதியில், 38 சதவீதம்தான் நிரம்பியிருந்தது. கோப்புறையின் உரிமையாளரும் அனுமதிகளும் சரியாகவே இருந்தன. அதே பயனராக நுழைந்து, டச் கட்டளையால் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்க முயன்றபோதுதான் "சாதனத்தில் இடமில்லை" என்று பதில் வந்தது. ஒரு பைட்டும் இல்லாத கோப்புக்கு இடமில்லையாம்! அந்த இடத்திலேயே எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். செருப்பு வைக்கும் இடத்தில் அடுக்குகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தாலும், கொடுப்பதற்கு டோக்கன் இல்லையென்றால் உங்கள் செருப்பை வாங்கி வைக்க மாட்டார்கள். ஐனோடு என்பது, ஒரு கோப்பின் விவரங்களைக் கோப்பு முறைமை குறித்துவைக்கும் பதிவு; அந்த டோக்கன் அதுதான். ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டும், கோப்பு வெறுமையாக இருந்தாலும் வேண்டும். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில், வழக்கமான அமைப்பின்படி 16 கேபிக்கு ஓர் ஐனோடு வீதம் ஃபார்மேட் செய்யும்போதே எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. 100 ஜிபிக்கு 65,53,600. இடத்துக்குப் பதில் ஐனோடுகளைக் காட்டும்படி, டிஎஃப் கட்டளையோடு ஹைபன் ஐ சேர்த்துப் பார்த்தேன்: 100 சதவீதம் தீர்ந்திருந்தது.

டோக்கன்களை வாங்கி வைத்திருந்தது யார் என்பதை, ஐனோடுகளை எண்ணும்படி டியு கட்டளையை ஓட்டியதும் கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வோர் அறிக்கையையும் மைய சர்வருக்கு அனுப்பியபின், "அனுப்பியாயிற்று" என்பதற்கு அடையாளமாக ஒரு வெற்றுக் கோப்பை ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) போட்டுவைக்கிறது. அறிக்கைகளை ஏழு நாளில் அழிக்கும் அது, அடையாளங்களை அழிப்பதே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கிய நாளன்று, விடுப்புக்கு அவசரமாகக் கிளம்பிய ஒருவர் நிறுவிய ஸ்கிரிப்ட் அது. அந்த ஒருவர் நான்தான். ஏழு நாள் அறிக்கைகளுக்கான டோக்கன்களைக் கழித்துவிட்டு, நாளுக்கு 28,800 என்று கணக்குப் போட்டால் சுமார் 220 நாட்களில் டோக்கன் தீர வேண்டும். கார்த்திகைத் தீபம் முடிந்து இரண்டு வாரத்தில் அப்படியே தீர்ந்திருக்கிறது. தவறு என்னுடையதாக இருந்தாலும், கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். டிஎஃப் பார்த்த கையோடு, பராமரிப்பு ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் எழுப்பியிருந்தேன். அவர் எதையும் பார்க்காமலேயே, "டிஸ்க் போதாது சார், 6,800 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று போட்டுவிடலாம்" என்றார். ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்! 62 சதவீதம் காலியாக இருக்கும் டிஸ்கின் பக்கத்தில் இன்னொரு காலி டிஸ்க்! இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னபடி செய்திருந்தால் அலாரம் நின்றிருக்கும். பகிர்வைப் பெரிதாக்கினால் ஐனோடுகளும் கூடும் என்பதால், அவருடைய வைத்தியமே சரியென்று சில மாதங்கள் நம்பியிருப்பேன். அந்த 6,800 ரூபாயை மிச்சப்படுத்தியதை நேற்றிலிருந்து வீட்டில் நான்கு முறை சொல்லிவிட்டேன்.

அழிப்பதற்கும் படாதபாடு பட்டேன். ஆர்எம் கட்டளையோடு நட்சத்திரக் குறியைப் போட்டால், பட்டியல் நீளம் அதிகம் என்று மறுத்துவிட்டது. எல்எஸ் கட்டளையோ அத்தனை பெயர்களையும் வரிசைப்படுத்தத் தொடங்கி, திரும்பி வரவே இல்லை. கடைசியில் ஃபைண்ட் கட்டளையின் டிலீட் வசதியால், அடையாளக் கோப்புகளின் பெயர் முடிவை மட்டும் குறிப்பிட்டு அழித்தேன். அதற்கு முன்பே ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் அழிப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுதான்.

3.45 மணிக்கு அறிக்கை எழுதப்பட்டது, அலாரமும் தானாக நீங்கியது. இடையில் விடுபட்ட ஆறு சுற்றுகளின் அளவீடுகள் திரும்பக் கிடைக்கவில்லை. வரைபடத்தில் அந்த வெற்றிடம் அப்படியே தெரிகிறது. அடையாளங்களையும் அழிக்கும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் சேர்த்ததோடு, ஐனோடு பயன்பாடு 80 சதவீதத்தைத் தொட்டாலே எச்சரிக்கும்படி தனி அலாரம் வைத்திருக்கிறேன்; அதன் செய்தியில் சதவீதமும் கோப்புறையின் பெயரும் வரும். இன்று காலை பார்த்தபோது 4 சதவீதம்.