மலரில் தோற்ற மல்லி

(மதுரையை அடுத்த ஒரு கல்லூரியின் அறிவியல் மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மொழியைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன், கிண்டலைத் திருத்தவில்லை.)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே வரும் வழியில் வேறொரு கல்லூரியின் வாசலில் பிளக்ஸ் பேனர் ஒன்றைப் பார்த்தேன். கல்யாண வீட்டுப் பேனர் அளவுக்குப் பெரியது. பேராசிரியர் ஒருவர் பொன்னாடையோடு நிற்கிறார். 'காப்புரிமை பெற்ற எங்கள் பேராசிரியருக்கு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியனுக்கு வேறு என்ன வேலை? காரை நிறுத்தச் சொல்லிப் பக்கத்தில் போய்ப் படித்தேன். பேனரின் மூலையில் காப்புரிமை அலுவலக இதழின் பக்கம் ஒன்றைச் சிறியதாக அச்சிட்டிருந்தார்கள். விண்ணப்பம் வெளியானதைத் தெரிவிக்கும் பக்கம் அது. காப்புரிமை வழங்கப்பட்டதாக அதில் ஒரு சொல்லும் இல்லை.

விண்ணப்பித்து 18 மாதம் ஆனால் பெரும்பாலும் எந்த விண்ணப்பமும் இதழில் வெளியாகும். தனிக் கட்டணம் கட்டினால் முன்னதாகவே வெளியாகும். அது புதியதா பழையதா என்று அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பரிசோதிக்கச் சொல்லி நாம் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். 2024-இல் விதிகளை மாற்றிய பிறகு அதற்கு 31 மாதம்தான் கெடு. அதன் பிறகு பரிசோதகர் படிப்பார், ஆட்சேபங்களை எழுதுவார், நாம் பதில் சொல்வோம், அவர் மறுபடி மறுப்பார். எல்லாம் தேறினால்தான் காப்புரிமை. அந்தப் பேனர், நிச்சயதார்த்தத்தன்றே சீமந்தம் நடத்துகிற கதை.

ஏன் இப்படி நடக்கிறது என்பது உங்கள் ஆசிரியர்களுக்குத் தெரியும். தேசியத் தரவரிசைக்குக் கணக்குக் கொடுக்கும்போது வழங்கப்பட்ட காப்புரிமையோடு வெளியான விண்ணப்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. மதிப்பெண் கிடைக்கிற இடத்தில் கூட்டம் கூடத்தான் செய்யும். நான் குறை சொல்வது பேராசிரியரை அல்ல, பொன்னாடையை. காப்புரிமை என்பது பரிசு என்று நினைத்துவிட்டோம். அது பரிசு அல்ல. பத்திரம் போட்டுச் செய்துகொள்கிற கொடுக்கல் வாங்கல்.

கீழவாசல் பக்கம் ஜிகர்தண்டா குடிக்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். பால், கடல்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் என்று வாயால் சொல்லிவிடலாம். ஆனால் பாலை எவ்வளவு நேரம் சுண்டக் காய்ச்சினார், எந்தப் பக்குவத்தில் இறக்கினார் என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் சிரிப்பார். அது அவருடைய தொழில் ரகசியம். எத்தனை தலைமுறைக்கும் வைத்துக்கொள்ளலாம்; சட்டம் கேட்காது. ஆனால் அடுத்த கடைக்காரர் தானாகவே அந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்துவிட்டால் இவர் ஒன்றும் செய்ய முடியாது. மாஸ்டர் கண்ணை மூடிவிட்டால் ருசியும் கூடவே போய்விடும். நம் சித்தர்களும் அப்படித்தான். பாடலில் மருந்து இருக்கும், பரிபாஷை என்கிற மறைமொழியில் இருக்கும். குரு வாய் திறந்தால்தான் பொருள் விளங்கும்.

காப்புரிமை இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. 'உன் ரகசியம் முழுவதையும் எழுதிக் கொடு. அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவர் படித்துவிட்டுச் செய்யக்கூடிய அளவுக்கு எழுது. உனக்குத் தெரிந்ததிலேயே சிறந்த வழியை எழுது. பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு வரை உன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவிடாமல் தடுக்கும் உரிமை தருகிறேன். அதன் பிறகு அது ஊர்ச்சொத்து.' அரசு பேசுகிற பேரம் இவ்வளவுதான். பரிபாஷையில் எழுதிய விண்ணப்பத்தைச் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம் அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

இந்தப் பத்திரத்தில் உயிரான பகுதி உரிமைக்கோரல். நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவார்கள் அல்லவா? கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வண்டிப்பாதை, வடக்கே வாய்க்கால் என்று. அதைப் போன்றது இது. முப்பது பக்கம் அறிவியல் எழுதியிருக்கலாம். உங்கள் சொத்து எதுவரை என்பதைக் கடைசியில் வரும் இந்த வரிகள்தான் சொல்லும். அகலமாகக் கோரினால் பக்கத்து வயலில் கால் வைத்ததாகப் பரிசோதகர் வெட்டுவார். குறுக்கிக் கோரினால் அண்டை வீட்டுக்காரர் வேலியை ஒட்டியே கடை போடுவார். நான் பார்த்த கல்லூரி விண்ணப்பங்களில் பலவற்றில் முன்னுரை மட்டும் முனைவர் பட்ட ஆய்வேடு போல் நீண்டிருக்கும். செக்குபந்தி இரண்டு வரியில் முடிந்துவிடும்.

சரி, நம் ஊரில் இதைச் சரியாகச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ஆர். வாசுதேவன். பிளாஸ்டிக் சாலை என்றால் உலகம் அவரைத்தான் சொல்லும். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 'பிளாஸ்டிக்கைத் தாரில் கலந்து ரோடு போட்டார்' என்று பத்திரிகைகள் ஒரே வரியில் எழுதிவிடும். அந்த வரி தவறு. தவறு எங்கே இருக்கிறதோ அங்கேதான் காப்புரிமையும் இருக்கிறது.

தாரில் பாலிமரைக் கலக்குவது ஏற்கெனவே தெரிந்த முறை. தாரை உருக்கி அதில் பிளாஸ்டிக்கைப் போட்டுக் கிளற வேண்டும். அளவு கூடினால் இரண்டும் ஒட்டாமல் பிரியும். வாசுதேவன் தாரை விட்டுவிட்டு ஜல்லியிடம் போனார். ஜல்லியைச் சுமார் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார். பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக் பைகளை அதன் மேல் தூவுகிறார். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் உருகி, தோசைக்கல்லில் எண்ணெய் பரவுவது போல, ஒவ்வொரு கல்லின் மேலும் படலமாகப் படிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் தார். தாரும் இந்தப் பிளாஸ்டிக்கும் இரண்டுமே ஹைட்ரோகார்பன் வம்சம், விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இதனால் என்ன லாபம்? ரோட்டில் பள்ளம் விழுவதற்கு முக்கியமான காரணம் மழைத் தண்ணீர். அது கல்லுக்கும் தாருக்கும் நடுவில் புகுந்து தாரை உரித்துவிடும்; பிறகு டயர் வந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகும். கல்லுக்குப் பிளாஸ்டிக் சட்டை மாட்டிவிட்டால் தண்ணீர் நுழைய வழி இல்லை. தாரின் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைப் பிளாஸ்டிக்கே ஈடு செய்கிறது. தனிப் புது இயந்திரம் வேண்டாம். ஒப்பந்ததாரரிடம் இருக்கிற கலவை இயந்திரமே போதும். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். பி.வி.சி. கூடாது. சூடு பட்டால் அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும்.

2002-இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ரோடு போட்டுப் பார்த்தார்கள். காப்புரிமை 2006-இல் கல்லூரியின் பெயரில் கிடைத்தது. 2015-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே பெருநகரங்களை ஒட்டிய நெடுஞ்சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தச் சொன்னது. அவர் அதை விற்றுக் கோடீஸ்வரர் ஆகவில்லை. அரசுக்கு விலையில்லாமல் கொடுத்தார். 'இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்குக் காப்புரிமை?' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பட்டா நம் பெயரில் இருந்தால்தான் தானப் பத்திரம் எழுத முடியும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-இல் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வேறு எவரோ பதிந்துகொண்டு வாசலை அடைத்துவிடக் கூடாது, கண்டவர்கள் கண்டபடி தயாரித்து நோயாளியைக் கொன்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

இனி என் கதைக்கு வருகிறேன். இது வீரக்கதை அல்ல.

2008-இல் என் மாணவர் ஒருவரும் நானும் மல்லிகை மொட்டு விரிவதைத் தள்ளிப்போடுகிற வழி ஒன்றைப் பிடித்தோம். விடிவதற்கு முன் பறித்த மொட்டு மாலைக்குள் மலர்ந்துவிடும்; மலர்ந்துவிட்டால் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை விழும், வெளியூருக்கும் அனுப்ப முடியாது. நாங்கள் கண்டது சாதாரணக் கரைசல், ஆனால் கலக்கும் வரிசையில் ஒரு சூட்சுமம் இருந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். அளவு, வெப்பநிலை, வரிசை எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிக் கொடுத்தேன். புகைப்படம் கூடப் போட்டார்கள்.

எட்டு மாதம் கழித்துக் காப்புரிமை ஆலோசகர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, 'எங்கேயாவது வெளியிட்டீர்களா சார்?' பெருமையாக ஆண்டு மலரை நீட்டினேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பது போல. உலகத்தில் எங்கே வெளியாகியிருந்தாலும் அது புதியது அல்ல. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் அப்படித்தான். காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஒரு சின்னச் சலுகை உண்டு. அறிஞர் கழகம் ஒன்றின் முன் கட்டுரை படித்திருந்தாலோ, அந்தக் கழகத்தின் வெளியீட்டில் வந்திருந்தாலோ, 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் மன்னிப்பு. எங்கள் ஆண்டு மலர் அறிஞர் கழக வெளியீடு ஆகுமா என்று கேட்டேன். ஆகாதாம். சங்கம் வளர்த்த மதுரைக்கு இப்படி ஒரு சோதனை. மல்லியைக் காப்பாற்றப் போனவன் மலரில் தோற்றேன். என் மாணவரிடம் இதைச் சொன்ன நாளைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

என்னை விடப் பெரியவர்களும் இப்படிக் கோட்டை விட்டிருக்கிறார்கள் என்பது ஒரு சின்ன ஆறுதல். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒற்றை வகை எதிர்ப்புரதத்தை (மோனோகுளோனல் ஆன்டிபாடி) உண்டாக்கும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள், காப்புரிமை எடுக்கப்படவில்லை. 1984-இல் நோபல் பரிசு வந்தது. அந்த முறையின் மேல் எழுந்த மருந்துத் தொழில் இன்று கடல் போல விரிந்து கிடக்கிறது.

ஆனால் என்னை வெட்டிய அதே கத்திதான் மஞ்சளைக் காப்பாற்றியது. 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இதுவும் பல்கலைக்கழக ஆராய்ச்சிதான், கவனியுங்கள். நம் ஊரில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து மனுப் போட்டது. 'எங்கள் பாட்டி சொல்லியிருக்கிறாள்' என்று சொல்லி அங்கே வெல்ல முடியவில்லை. பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையையும் எடுத்து வைத்தார்கள். 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. அச்சான காகிதம் மல்லியை என்னை விட்டுப் போகச் சொன்னது. அச்சான காகிதம் மஞ்சள் நம்மை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டது.

இடையில் ஒன்று. மதுரை மல்லிக்கும் சுங்குடிச் சேலைக்கும் இருப்பது புவிசார் குறியீடு. அது வேறு சட்டம், வேறு கதை. அதைக் காப்புரிமை என்று மேடையில் சொல்லாதீர்கள்.

பணத்தைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். 2021-க்குப் பிறகு கல்வி நிறுவனங்களுக்கு 80 விழுக்காடு கட்டணக் குறைப்பு உண்டு. இணையவழி விண்ணப்பத்துக்கு அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்கு 4,000 ரூபாய். ஆலோசகர் கட்டணம் தனி. காப்புரிமை வழங்கப்பட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணி மூன்றாம் ஆண்டு தொடங்கிப் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் உரிமை போய்விடும். பேனருக்குச் செலவு செய்கிற கல்லூரி இதைக் கட்டுகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காப்புரிமையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தீர்களா என்று படிவம் 27 கேட்கும். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதும்போது பலருக்குக் கை கூசியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். உங்கள் ஆசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் கண்டுபிடித்தவர் பெயர்தான் வர வேண்டும். உரிமையாளர் கல்லூரியாக இருக்கலாம். அது எழுதிக்கொடுப்பதால் வருவது. ஆனால் ஆய்வகத்தின் சாவியை வைத்திருந்ததற்காகவோ, விழாவுக்குத் தலைமை தாங்கியதற்காகவோ ஒருவர் கண்டுபிடிப்பாளர் ஆகிவிட முடியாது. இரவெல்லாம் விழித்து அளவெடுத்த மாணவியின் பெயரை விட்டுவிட்டு, துறையில் உள்ள ஏழு பேரையும் சேர்த்த விண்ணப்பங்கள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெரியப்பா பெயரைப் போடுவது மரியாதை. இங்கே அதற்குப் பெயர் பொய்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் வெகு நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். சொல்லம்மா... உசிலம்பட்டிப் பக்கமா? சரி... மடியில் துண்டு சுற்றி வைத்திருப்பது நீ செய்த கருவியா? நிறுத்து, நிறுத்து. அவிழ்க்காதே. அது எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லாதே அம்மா. இந்த அரங்கில் இருநூறு பேர் இருக்கிறோம். பின்னால் ஒரு தம்பி எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடிக்கிறான். பக்க எண் போட்ட நோட்டு ஒன்று வாங்கு. நாள் போட்டு எழுது, வரைபடம் போடு, உன் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கு. தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விவரம், ஒன்றை முதலில் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதி உன்னுடையது. முழு விவரக்குறிப்பைக் கொடுக்க உனக்கு 12 மாதம் இருக்கிறது. அதுவரை துண்டு அப்படியே இருக்கட்டும்.

வெளியே தேநீரும் பணியாரமும் வைத்திருக்கிறார்களாம். அங்கேயும் சொல்லாதே. என்னிடம்கூட.