வகுப்புக்கு ஓர் இரண்டாவது ஆசிரியர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, இந்த அரங்கைத் தந்து உதவிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம். கேட்டதற்கும் மேலாக ஐந்து நிமிடம் கூட்டித் தந்த தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், அதாவது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டால் பிறரோடு பழகுவதும் திடீர் மாற்றங்களை ஏற்பதும் கடினமாக இருக்கும் பிள்ளைகள், பொது வகுப்பில் படிப்பது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: சட்டம், வகுப்பறை, தேர்வு. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். சட்டத்தில் வடம் எப்போதோ கட்டியாகிவிட்டது. 1994-இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியில் இடம் வேண்டும் என்று அறிவித்தன. 2006-இல் வந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன் 24-ஆம் பிரிவில் அதை உரிமையாகவே எழுதிவைத்தது. சரி, வகுப்பறைக்கு வருவோம்.

நான் பார்த்த ஒரு பள்ளியில் ஆட்டிசம் உள்ள நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், கணக்கில் சூரன். வியாழக்கிழமை மூன்றாவது பாடவேளை விளையாட்டு. அன்று மழை. "விளையாட்டு இல்லை, அறிவியல்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆசிரியர் பலகையில் எழுதத் தொடங்கிவிட்டார். பையன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான், மேசைக்கு அடியில் புகுந்தான். அடம் என்றார்கள். அப்பாவைக் கூப்பிடு என்றார்கள். பயிற்சிக்கு வந்து பின்வரிசையில் இருந்த இளம் ஆசிரியை மட்டும் அவனுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, கத்தல் அடங்கும்வரை பேசாமல் காத்திருந்தார். மறுநாள் பாடவேளைகளைப் படங்களாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினார். அடுத்த வியாழனும் மழை! இந்த முறை மணி அடிக்கும் முன்பே அவனைக் கூப்பிட்டு, பந்துப் படத்தை அவன் கையாலேயே எடுக்கவைத்து, அங்கே அறிவியல் படத்தை ஒட்டவைத்தார். "பந்து எப்போ?" என்றான். நாளைக்குக் கடைசிப் பாடவேளையில் ஒட்டிக் காட்டினார். போய் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் என்ன ஆனது தெரியுமா? வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் காலையில் வந்ததும் அந்தச் சுவரைத்தான் பார்த்தார்கள்.

அந்த வகுப்பாசிரியர் கெட்டவர் அல்லர். வகுப்பு முழுவதையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவர். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை ஒருவர் தலையில் கட்டினால் நகருமா? அதனால்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்: வகுப்புக்கு இரண்டாவது ஆசிரியர் வேண்டும். பையன் பக்கத்திலேயே நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் உதவியாளரை நான் கேட்கவில்லை. பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் அவனை நெருங்கத் தயங்குவார்கள். ஆட்டிசம் பற்றிப் பயிற்சி பெற்ற, வகுப்பு முழுமைக்கும் பொதுவான ஆசிரியரைக் கேட்கிறேன்.

தேர்வு பற்றிப் பேச நேரமில்லை. இரண்டாவது ஆசிரியர் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தைக் கல்வி அலுவலர் அவர்கள் போட வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.