கையாலேயே தைக்கலாம்: 1775 காலத்துப் படைவீரர் தோள்பை

வணக்கம். இன்றைக்குத் தைக்கப் போவது அமெரிக்க விடுதலைப் போரில், அதாவது 1775 முதல் 1783 வரை, வீரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த சாப்பாட்டுப் பை. ஹேவர்சாக் என்பார்கள். உள்துணி கிடையாது, ஜிப் கிடையாது, ஒரே நீளத் துணியை மடித்து இரண்டு பக்கமும் மூட்டினால் பை தயார்.

(பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் காட்டவும்)

உள்ளே பாருங்கள், ஒரு பிசிறு தெரிகிறதா? இந்தப் பையில் அழகு என்று ஏதாவது இருந்தால் அது இந்த ஓரத்தில்தான், அதனால் நம் நேரத்தில் பாதி இங்கேயே போகும்.

1775 நவம்பரில் கான்டினென்டல் காங்கிரஸ், அதாவது போரிட்ட அமெரிக்கக் குடியேற்றங்களின் பொதுச் சபை, ஆளுக்கு ஒரு நாள் ரேஷன் என்று நிர்ணயித்தது ஒரு பவுண்டு மாட்டிறைச்சி, இல்லையென்றால் முக்கால் பவுண்டு பன்றி இறைச்சி அல்லது ஒரு பவுண்டு உப்பு மீன், கூடவே ஒரு பவுண்டு ரொட்டியோ மாவோ. இரண்டு மூன்று நாளுக்கானதை ஒரே பையில் திணித்துக்கொண்டு வெயிலில் நடந்தால் என்ன வாடை வரும்! அடிக்கடி அலசித்தான் ஆக வேண்டும், பிசிறோடு விட்ட துணி நாலு சலவை தாங்காது.

துணி, கெட்டியான வெள்ளை லினன். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கெட்டிக் காடா போதும், யாரும் அடிக்க வரமாட்டார்கள். வெட்டும் முன் வெந்நீரில் அலசிக் காயவைத்துவிடுங்கள், இரண்டுமே சுருங்கும். பைக்கு 15 அங்குல அகலம், 35 அங்குல நீளம். நூலை ஒரு கை நீளத்துக்கு எடுத்து, தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது.

ஒரு முனையை அரை அங்குலம் வீதம் இரண்டு மடிப்பு மடித்து ஹெம்மிங் செய்யுங்கள், அதுதான் பையின் வாய். அப்புறம் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி 12 அங்குலம் மேலே மடியுங்கள். பின்பக்கத்துக்கு மேலே மிஞ்சி நிற்பது மூடி. இரண்டு ஓரத்திலும் அரை அங்குலம் உள்ளே தள்ளி, அடியிலிருந்து வாய் வரைக்கும் பின் தையல்: ஊசி ஒரு தையல் பின்னால் போய்க் குத்தி, இரண்டு தையல் தள்ளி முன்னால் வெளியே வர வேண்டும். அங்குலத்துக்கு எட்டுத் தையல் விழுந்தால் நல்லது.

(கேமராவை ஓரத்துக்கு மிக அருகில் கொண்டுவரவும்)

இப்போது கவனியுங்கள். தையலுக்கு வெளியே இரண்டு விளிம்பு இருக்கிறது இல்லையா, பின்பக்க விளிம்பை மட்டும், வாய் வரைக்கும் மட்டும், கால் அங்குலமாகக் கத்தரியுங்கள். முன்பக்க விளிம்பை அதன் மேல் சுற்றி உள்ளே மடக்கி, நகத்தால் அழுத்திக் கீறி, பின்பக்கத் துணியோடு ஹெம்மிங். ஜீன்ஸ் பேண்ட் தையலில் பார்ப்பீர்களே, அதே முறை. ஏன் பின்பக்கம் சாய்க்கச் சொல்கிறேன் என்றால், மூடியின் ஓரமும் அதே திசையில்தான் மடியப் போகிறது, வாய் முனையில் கத்தரி வைக்காமலே மடிப்பு நேராக மேலே ஓடிவிடும்.

அந்தக் காலத்துச் சட்டைகளிலும் இப்படித்தான் ஓரத்தை மூடினார்கள். 1780-இல் பிலடெல்பியாவில் எஸ்தர் ரீட் தலைமையில் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் படைக்கு நிதி திரட்டி, காசை வீரர்கள் கையிலேயே கொடுத்துவிட நினைத்தார்கள். படைத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனோ சட்டையாகத் தாருங்கள் என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் எஸ்தர் இறந்துவிட, பெஞ்சமின் பிராங்க்ளினின் மகள் சாரா முன்னின்று வேலையை முடித்தார். 2,000-க்கும் மேற்பட்ட சட்டைகள், ஒவ்வொன்றிலும் தைத்தவள் பெயர். எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியதே 1846-இல்தான், ஆக அத்தனையும் கைத்தையல்!

மூடியின் மூன்று ஓரத்தையும் ஹெம்மிங் செய்துவிட்டு இரண்டோ மூன்றோ காஜா. காஜாவை நெடுக்காக வெட்டுங்கள், குறுக்காக வேண்டாம், மூடி இழுபடுவது மேலும் கீழுமாகத்தான். வெட்டியதும் முதலில் சுற்றிலும் தளர்வாக ஒரு தையல், லினன் உடனே இழை விட ஆரம்பித்துவிடும். அதன் மேல் நெருக்கமாகக் காஜா தையல். எலும்பு பட்டனோ மரப் பட்டனோ, பிளாஸ்டிக் மட்டும் வேண்டாமே.

பட்டைக்கு 5 அங்குல அகலத் துணி. ஓரங்களை அரை அங்குலம் உள்ளே மடித்து, பாதியாக மடித்துத் தைத்தால் 2 அங்குலப் பட்டை. துணி பற்றாவிட்டால் ஒட்டுப்போடலாம், அப்போதும் போட்டார்கள். முனைகளைப் பின்பக்கத்தின் உள்ளே, வாயை ஒட்டி இரண்டு மூலையிலும் வைத்து முதலில் கச்சா, அதாவது பிறகு பிரித்துவிடக்கூடிய தளர்வான தையல், மட்டும் போடுங்கள். பையில் இரண்டு கிலோ அரிசி போட்டு, வலது தோளிலிருந்து குறுக்கே இடது இடுப்புக்கு மாட்டிப் பாருங்கள். வலது பக்கம் தோட்டாப் பெட்டிக்கு, அதனால் சாப்பாட்டுப் பை இடது பக்கம். எடைக்குப் பட்டை கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்து நீளத்தைச் சரிசெய்துகொண்டு, பிறகு முனைகளைச் சதுரமாகச் சுற்றிப் பின் தையல் போட்டு முடியுங்கள்.