பாதை வெட்டியவரா, பிள்ளைகளைச் சுமந்தவரா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கென்டக்கிக் குடியேற்றத்தின் முன்னோடியான டேனியல் பூனின் வாழ்வு நிலைத்தது அவருடைய துணிவாலா, குடும்பத்தாலா என்பது தலைப்பு. நான் குடும்பத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர், 1775இல் பூன் கம்பர்லாந்து கணவாய் வழியாகப் பாதை வெட்டியதைக் கம்பீரமாக விவரித்தார். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் போகிற போக்கில், “கணவர் பிடிபட்டதும் ரெபெக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டாரிடம் போய்விட்டாரே, இதுவா குடும்பம்?” என்று கேட்டு, உங்கள் கைத்தட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார். நான் எழுதி வந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன் நடுவர் அவர்களே. முதலில் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

1778 பிப்ரவரியில், உப்புக் காய்ச்சப் போன ஆட்களோடு பூன், அமெரிக்கப் பழங்குடியினரான ஷானி மக்களிடம் பிடிபட்டார். (அவர்கள் காலங்காலமாக வேட்டையாடிய காட்டில்தான் இவர் வீடு கட்டியிருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.) அவர்களின் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரை மகனாக ஏற்று, ‘பெரிய ஆமை’ என்று பெயரும் வைத்தார். அங்கே இவருக்குப் புதிய தந்தை கிடைத்தார்; இங்கே கென்டக்கியில் பூன் அமைத்த பூன்ஸ்பரோ கோட்டையில் ரெபெக்காவுக்குக் கிடைத்ததோ, கணவர் இறந்திருப்பார் என்ற பேச்சு. போர் சூழ்ந்த இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? அவர்களைக் குதிரைகளில் ஏற்றி, மலைகளைத் தாண்டி, வட கரோலினாவிலிருந்த தம் உறவினரிடம் கொண்டு சேர்த்தார். மூட்டைக்குள் இருந்தது இதுதான்.

ஜூன் மாதம், கோட்டையைத் தாக்கத் திட்டமிடுகிறார்கள் என்று அறிந்த பூன் தப்பி, ஏறத்தாழ 160 மைலை நான்கே நாளில் கடந்து வந்தார். எதிரணித் தலைவர் அந்த நான்கு நாளை நான்கு விரல்களில் நீட்டிக் காட்டினார். ஐந்தாவது விரலை நான் நீட்டுகிறேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் வீட்டுக்குள் நுழைந்தால், மனைவி இல்லை, சின்னப் பிள்ளைகள் இல்லை. தந்தை வருவார் என்று கோட்டையிலேயே தங்கியிருந்த மகள் ஜெமீமா மட்டும் இருந்தாள். 1776இல் கடத்தப்பட்டபோது, உடன் இருந்த இரு தோழியரோடு குச்சிகளை ஒடித்தும் குதிகாலைச் சேற்றில் அழுத்தியும் தந்தைக்குத் தடம் விட்டுச் சென்ற அதே ஜெமீமா.

செப்டம்பரில் கோட்டை முற்றுகையைத் தாங்கிய பிறகு அந்த வீரர் எங்கே போனார்? மனைவியைத் தேடிக் கரோலினாவுக்கு! ஷானி ஊரிலிருந்து தப்பி வர நான்கு நாள் போதுமாயிருந்தது. ரெபெக்காவை அழைத்துக்கொண்டு கென்டக்கி திரும்ப மறு ஆண்டு, 1779 ஆகிவிட்டது.

சிரித்தீர்கள், மகிழ்ச்சி. இன்னும் ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன். 1773 அக்டோபரில், குடும்பமாகக் கென்டக்கிக்குக் கிளம்பிய முதல் முயற்சியில், மூத்த மகன் ஜேம்ஸ் வழியில் கொல்லப்பட்டான். வயது பதினாறு. அடக்கம் செய்யப் போன மைத்துனர் ஸ்குவயர் பூனின் கையில் ரெபெக்கா லினன் விரிப்புகளைக் கொடுத்தனுப்பினார், பிள்ளை வெறும் மண்ணில் கிடக்கக் கூடாது என்று. இரண்டே ஆண்டில், மகனைப் புதைத்த அதே மலைவழியில், மீதிப் பிள்ளைகளோடு அவர் மறுபடியும் புறப்பட்டார்.

வணக்கம்.