ஒருபக்க வெள்ளிக்காசும் போலந்தின் கோமகன்களும்

அவையோர்க்கு வணக்கம்.

1138-இல் மூன்றாம் போலெஸ்வாஃப் மறைந்தபோது, அவர் செய்துவைத்த ஏற்பாட்டின்படி போலந்து நாடு அவருடைய மகன்களுக்குப் பங்கிடப்பட்டது. கிராக்கோவில் அமர்பவர் சொல்லுக்கு மற்றவர் கட்டுப்பட வேண்டும் என்ற விதி இருந்தும், 1146-இல் மூத்தவரான விளாடிஸ்வாஃபைத் தம்பியர் நாட்டைவிட்டே துரத்தினர். நிலம் பிரியப் பிரிய, காசடிக்கும் உரிமையும் பல கைகளுக்குப் போயிற்று.

அக்காலத்தில் பரவிய பிராக்டியேட் என்னும் வெள்ளிக்காசு காகிதம் போல மெல்லியது. மிருதுவான அடித்தளத்தின்மேல் தகட்டை வைத்து ஒரே அச்சால் அடிப்பதால், முன்புறம் புடைத்து நிற்கும் உருவமே பின்புறம் குழிந்து தெரியும். போலந்தில் கிடைப்பவற்றுள் பல கால் கிராம் எடையைக்கூட எட்டுவதில்லை. வெள்ளி அரிதானதே இதற்குக் காரணம் என்பாருண்டு. அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. கோமகன் விரும்பியபோதெல்லாம் பழைய காசைச் செல்லாததாக்கி, அதைக் கொண்டுவருவோருக்கு எண்ணிக்கையில் குறைந்த புதுக்காசைக் கொடுப்பார். இடையில் விழும் வேறுபாடு அவர் கருவூலத்துக்கு. விரைவில் திரும்பி வந்து உருகப்போகும் காசுக்கு உறுதி எதற்கு? சேர்த்துவைத்தவன் எக்குற்றமும் செய்யாமலே தண்டம் கட்டினான் என்பதுதான் இம்முறையின் சாரம்.

இதில் பேர்பெற்றவர், போலெஸ்வாஃபின் மகன்களுள் ஒருவரும் முதுவர் எனப்பட்டவருமான மூன்றாம் மியெஷ்கோ. அவர் காசுகளுள் சிலவற்றை உற்றுப் பார்த்தால், உருவத்தைச் சுற்றி எபிரேய எழுத்துகள் ஓடுகின்றன. ஒன்றில் எழுத்து மட்டுமே எபிரேயம், மொழியோ போலிஷ். ‘மியெஷ்கோ, போலந்தின் அரசர்’ என்பது அதன் வாசகம். முடிசூடாத கோமகனை அரசர் என்று பொறித்த துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. வேறு சில காசுகளில் ஆபிரகாம், யோசேப்பு போன்ற பெயர்கள் காணப்படுகின்றன. அக்கசாலைப் பொறுப்பு யூதர் கையில் இருந்ததற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மியெஷ்கோவின் அதிகாரிகள் மக்களைப் பிழிந்ததை வின்சென்டி கத்வூபெக் தம் வரலாற்று நூலில் கசப்போடு எழுதுகிறார். அவர் மியெஷ்கோவின் எதிரணியைச் சார்ந்தவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆயினும் 1177-இல் கிராக்கோவின் பெருமக்கள் திரண்டு மியெஷ்கோவை விரட்டி, இளைய தம்பி காசிமிரை அமர்த்தியதற்கு அவருடைய கடுமையான ஆட்சியே காரணம் என்பதில் ஐயமில்லை.

பிராக்டியேட் அதன்பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1300-இல் போலந்தின் அரசராக முடிசூடிய செக் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ், குட்னா ஹோரா சுரங்கத்து வெள்ளியில் பிராக் குரோஷன் என்னும் கனத்த காசை அடிக்கத் தொடங்கினார். பெருவணிகர் அதன் பக்கம் சாய, மெல்லிய காசு சந்தைச் சில்லறையாகச் சுருங்கியது.