ரத்தம் வேண்டாம் என்றார்கள்

(நூலகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கரீபியன் கடல் நாடான ஹைத்தியின் மக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வறுமையில் தொடங்கி நிலநடுக்கத்தில் முடிப்பது வழக்கம். நான் ஒரு பாலத்திலிருந்து தொடங்குகிறேன்.

1990 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. வேலை நாள். டாக்சி ஓட்டுகிறவர்கள், மருத்துவமனைத் தாதியர், வீட்டுவேலை செய்யும் பெண்கள், மாணவர்கள் என்று 50,000 பேருக்கு மேல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் நடந்து மன்ஹாட்டனுக்குள் வந்தார்கள். பெரும்பாலோர் ஹைத்தியர். கூலி உயர்வு கேட்டா வந்தார்கள்? எங்கள் ரத்தத்தைக் கெட்ட ரத்தம் என்று சொல்லாதீர்கள் என்று கேட்க வந்தார்கள்.

எய்ட்ஸ் தலைகாட்டிய 1980களின் தொடக்கத்தில், நோய்த்தொற்று ஆபத்து மிகுந்தவர்கள் என்று அமெரிக்க சுகாதாரத் துறையினர் நான்கு பிரிவினரைக் குறித்தார்கள். ஒருபால் உறவுகொள்ளும் ஆண்கள், போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள், ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள், நான்காவதாக ஹைத்தியர்கள். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். மற்ற மூன்றும் ஒருவருடைய வாழ்க்கையையோ உடம்பையோ பற்றியவை. நான்காவது, அவர் பிறந்த நாடு! பலருக்கு வேலை போனது. வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகள் தாங்கள் ஹைத்தியர் என்பதையே மறைத்தார்கள். தாய் தந்தையின் ஊரைச் சொல்ல ஒரு குழந்தை கூசுகிறது என்றால், அதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

1985இல் அந்தப் பட்டியலிலிருந்து ஹைத்தியரை நீக்கினார்கள். ஆனால் 1990 பிப்ரவரியில், ஹைத்தியரிடம் ரத்த தானமே பெற வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்தியது. அதற்குப் பதில்தான் பாலத்தின் மேல் நடந்த அந்தக் கூட்டம். அந்த ஆண்டு டிசம்பரில் அறிவுறுத்தல் கைவிடப்பட்டது.

இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்? 1957 முதல் 1986 வரை ஹைத்தியைத் தகப்பனும் மகனுமாக ஆண்ட துவாலியே ஆட்சிக்குத் தப்பியவர்கள் அவர்களில் ஏராளம். முதலில் மருத்துவர்களும் ஆசிரியர்களும் நியூயார்க்குக்கும் மாண்ட்ரியலுக்கும் போனார்கள். பிறகு ஏழைகள் பாய்மரப் படகேறி மியாமிக்குப் போனார்கள். 1980இல் கியூபாவிலிருந்து வந்த 1,25,000 பேருக்கு அமெரிக்கா இடம் கொடுத்தது. ஹைத்தியரையோ 1981 முதல் நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பியது. அடுத்த பத்தாண்டுகளில் 22,000 பேருக்கு மேல் மறிக்கப்பட்டார்கள். அவர்களில் அடைக்கலம் கோர அனுமதி பெற்றவர்கள் முப்பது பேர்கூட இல்லை. இந்தக் கணக்கை முதலில் படித்தபோது, ஒரு சுழியை அச்சில் விட்டுவிட்டார்களோ என்று நினைத்து மறுபடியும் படித்தேன்.

எப்படியோ கரை சேர்ந்தவர்களுக்குத் தாய்மொழியான கிரியோலில் பூசை நடக்கும் தேவாலயம் இருந்தது, கிரியோல் வானொலி இருந்தது. 'சோல்' இருந்தது. சோல் என்பது சீட்டுதான். பத்துப் பேர் வாரம் நூறு டாலர் போட்டால், முறைப்படி ஒருவர் கையில் ஆயிரம் சேரும். ஏலமும் கிடையாது, கழிவும் கிடையாது, பத்திரமும் கிடையாது, வாக்குதான் பிணை. வங்கி வாசலைக்கூட மிதிக்க முடியாத ஒருத்தி அதை வைத்து வீட்டுக்கு முன்பணம் கொடுப்பாள். தங்கைக்கு விமான டிக்கெட் எடுப்பாள். ஊருக்கும் அனுப்புவாள். வெளிநாட்டு ஹைத்தியர் அனுப்பும் பணம் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 300 கோடி டாலரைத் தாண்டுகிறது. ஹைத்தியில் மாகாணங்கள் பத்து. வெளியே வாழ்கிறவர்களைப் பதினோராவது மாகாணம் என்பார்கள். அதே மனிதர் விடுமுறைக்கு ஊர் திரும்பினால், 'ஜாஸ்போரா', அதாவது புலம்பெயர்ந்தவர், என்று சற்று விலக்கியும் பேசுவார்கள். இரண்டு கரையிலும் பாதி அந்நியர்.

ஜனவரி முதல் நாள் மட்டும் அந்த அந்நியம் இல்லை. 1804இல் அதே நாளில்தான் அடிமைகள் போராடி வென்று ஹைத்தியைச் சுதந்திர நாடாக அறிவித்தார்கள். முந்தின இரவே பூண்டும் வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் அரைத்த விழுதில் மாட்டிறைச்சியை ஊறவைப்பார்கள். காலையில் பூசணியை வேகவைத்து மசித்து, முட்டைக்கோசும் கேரட்டும் மக்ரோனியும் சேர்த்துப் பெரிய பானையில் கொதிக்கவிடுவார்கள். நிறம் பழுத்த மஞ்சள். உடையாமல் மேலே மிதக்கும் ஒரு முழு மிளகாய் மணத்துக்காக. பெயர் 'சூப் ஜூமு'. எஜமானர்களுக்காக அதைச் சமைத்த அடிமைகளுக்கு அதைச் சுவைக்க உரிமை இல்லை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதனால் அன்று யார் வாசலுக்கு வந்தாலும் ஒரு கிண்ணம் உண்டு. 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

கடைசியாக ஒன்று. 2024 செப்டம்பரில், ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹைத்தியர்கள் அயலார் வளர்க்கும் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்ற பச்சைப்பொய், அதிபர் தேர்தல் விவாத மேடை வரை ஏறியது. வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. மறுபடியும் பிள்ளைகள்! ஆனால் அந்த நாட்களில்தான், ஹைத்தியரல்லாத ஊர்க்காரர்கள் பலர் அங்கே இருந்த ஹைத்தி உணவகத்தைத் தேடிப் போனார்கள். வரிசையில் நின்று, அவர்கள் சமைத்ததை வாங்கிச் சாப்பிட்டார்கள்.